உபத்திரவம் என்ற சொல்

நான் போய்வரும் சுங்கை வே தமிழ்ச் சபையில் 'உபத்திரவம்' என்ற சொல் அடிக்கடி காதில் விழும். சாட்சி நேரத்தில் மைக் கைக்கு வந்தால் போதும். போன தீபாவளிக்குப் பிறகு ஓர் அக்கா பேசினார். மாமியார் படையல் சோற்றைத் தட்டில் வைத்தாராம். "பிசாசுக்குப் படைச்சதை நான் தொடமாட்டேன்"னு சொந்தக்காரர்கள் எல்லார் முன்னாலும் இவர் சொன்னாராம். "அப்போ இனிமே இந்த வீட்டுக்கு வராதே"ன்னுட்டாராம் மாமியார். கிறிஸ்துவுக்காகத் தான் பட்ட பாடு இது என்று அக்கா முடித்தார். சபை அல்லேலூயா சொன்னது. எனக்கு அந்த மாமியார் ஞாபகமாகவே இருந்தது. விடியக்காலையிலேயே எழுந்து சமைத்திருப்பார், பாவம்.

சாப்பிட முடியாது என்பது அக்காவின் விசுவாசம். அதில் எனக்குச் சண்டை இல்லை. "வேணாம் அத்தை, எனக்குத் தனியா கொஞ்சம் எடுத்து வைங்க" என்றிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அதைச் சாட்சியாகச் சொல்ல முடியாதே! பேதுருவின் முதல் நிருபம் 4ஆம் அதிகாரத்தில் ஒரு வரிசை வருகிறது: கொலைகாரன், திருடன், பொல்லாங்கு செய்பவன். அதே வரிசையில், அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பவனும் நிற்கிறான். அந்தக் காரணத்துக்காகப் பாடுபடாதீர்கள் என்கிறார் பேதுரு. அந்த வசனத்தை வைத்து ஒரு பிரசங்கம்கூட நான் கேட்டதில்லை.

சுங்கை வேயிலிருந்து தாமான் மேடான் கிட்டத்தான். 2015 ஏப்ரல் 19, ஞாயிற்றுக்கிழமை. அங்கே கடைவீட்டில் நடந்த ஒரு சபையின் முன் ஐம்பது பேர் அளவில் கூடி, முஸ்லிம்கள் அதிகம் வாழும் இடத்தில் சிலுவை தெரியக்கூடாது என்றார்கள். சபையார் அன்றைக்கே இறக்கிவிட்டார்கள். அதே வட்டாரத்தில்தான் 2001 மார்ச்சில் கம்போங் மேடான் கலவரம். 6 பேர் செத்தார்கள், பெரும்பாலும் இந்தியர்கள். வெட்ட வந்தவர்கள் படையல் சாப்பிடுபவரா, சாப்பிடாதவரா என்று கேட்டிருக்கமாட்டார்கள்.

பக்கத்திலேயே கெளானா ஜெயா. 2017 பிப்ரவரி 13 காலை, பாஸ்டர் ரேமண்ட் கோவின் காரைக் கறுப்பு வண்டிகள் மறித்தன. ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்தது, ஆளைக் காணோம். யாரோ ஒருவர் வீட்டுக் கேமராவில் அது பதிவாகியிருந்தது. இது புக்கிட் அமான் சிறப்புப் பிரிவு போலீசின் வேலை என்று 2019 ஏப்ரலில் மனித உரிமை ஆணையம் சுஹாகாம் சொன்னது. அவர் மனைவி சூசன்னா லியூ வழக்குப் போட்டு வருஷக்கணக்கில் நீதிமன்றப் படியேறினார். 2025 நவம்பரில் உயர் நீதிமன்றத் தீர்ப்பும் அவர் பக்கம் வந்தது. கணவர் எங்கே என்று மட்டும் இன்னும் யாரும் சொல்லவில்லை.