எண்ணெயும் எண்ணமும்

சிக்கனம் என்ற சொல்லை முதியோர் எடுத்தால் இளைஞர் முகஞ் சுளிப்பர். கஞ்சத்தனத்துக்கு இட்ட நற்பெயரே அது என்பது அவர்கள் கருத்து. உண்மையில் இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரம் பெரிது. கஞ்சன் செலவிட அஞ்சுகின்றான்; சிக்கனமுடையவனோ தன் செலவு எங்கே போகின்றது என்று அறிந்து செலவிடுகின்றான். இந்த வேறுபாட்டை ஒரு மோட்டார் சைக்கிளைக் கொண்டே விளக்கிவிடலாம்.

என் தமக்கையாரின் மகன் சாவகச்சேரியிலிருந்து கிளிநொச்சிக்கு நாள்தோறும் வேலைக்குப் போய் வருபவன். போவதற்கு ஏறக்குறைய 50 கிலோமீற்றர், வருவதற்கு 50. அவனிடம் உள்ளது ‘குரூசர்’ என்னும் வகையைச் சேர்ந்த வண்டி. தாழ்ந்த இருக்கையும், முன்னே தள்ளிய கால்தாங்கியும், அகன்ற கைபிடியும் உடையது. வாங்கிய புதிதில் அது லீற்றருக்கு 40 கிலோமீற்றர் ஓடிற்று. ஈராண்டுக் காலத்தில் அதன் உருவத்தையே அவன் மாற்றிவிட்டான். பின்சக்கரத்துக்குப் பருத்த ரயர் வந்தது. கைபிடி தோளுயரத்துக்கு எழுந்தது. இருபுறமும் கனத்த இரும்புச் சட்டங்கள் முளைத்தன. காற்று வடிகட்டும் பெட்டி போய், திறந்த கூம்பு வடிகட்டி அமர்ந்தது; சத்தந் தணிக்கும் குழாய் இருந்த இடத்தை வெறுங்குழாய் பிடித்துக்கொண்டது. இருக்கைக்குத் தோலுறையைத் தானே தைத்தான். தாங்கிக்கு வர்ணமும் தானே பூசினான். அந்த வண்டி தெருவிற் போனால் திரும்பிப் பாராதவர் இல்லை. ஆனால் லீற்றருக்கு 27 கிலோமீற்றருக்கு மேல் அது ஓடவும் இல்லை.

மாதத்தில் 22 நாள் வேலை என்றால் 2,200 கிலோமீற்றர். முன்னைய கணக்கில் அதற்கு 55 லீற்றர் போதும். இப்போது 81 லீற்றருக்கு மேல் வேண்டியதாயிற்று. இடையிலுள்ள 26 லீற்றரின் விலை, தங்கையின் படிப்புக்கென்று அவன் தாயிடம் கொடுத்துவந்த பணம். “தம்பி, வண்டியை வில் எண்டால் கோவிக்கிறான். நீ ஒருக்காச் சொல்லிப் பார்” என்றார் தமக்கையார். “மாமா, அது நான் கையால செய்தது. விக்க மாட்டன்” என்றான் அவன். இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. கையால் ஒன்றை ஆக்கத் தெரிந்த இளைஞனிடம் அதனை அழித்துவிடு என்று சொல்வது நல்லாசிரியனுக்கு அழகன்று. ஆகவே, “விற்கவும் வேண்டாம், அழிக்கவும் வேண்டாம், முதலில் அளப்போம்” என்றேன்.

அளப்பதற்கு முன் ஒரு சிறு வரலாற்றையும் அவனுக்குச் சொன்னேன். இவ்வண்டிகளை மாற்றியமைக்கும் வழக்கம் அமெரிக்காவில் வளர்ந்தது. 1930களிலும், இரண்டாம் உலகப்போர் முடிந்த பின்னரும், அங்குள்ள இளைஞர் தம் கனத்த வண்டிகளின் முன்பக்க மட்காப்பைக் கழற்றினர். பின்பக்க மட்காப்பைக் குறுக வெட்டினர். வேண்டாதவற்றை எல்லாம் களைந்தனர். பாரங் குறைந்தால் வேகங் கூடும் என்பதே நோக்கம். ‘பொபர்’ என்று பெயர்பெற்ற வண்டி இதுவே. முன்சக்கரத்தை நெடுந்தூரம் நீட்டி, கைபிடியை வானோக்கி உயர்த்தும் ‘சொப்பர்’ மோகம் 1960களிலேதான் ஓங்கியது. முன்னோர் கழற்றினர், பின்னோர் பூட்டினர். நம்மூர் இளைஞர் பின்னோரையே பின்பற்றுகின்றனர் என்றேன். அவன் சிரித்தான், சிரித்தவன் சிந்திக்கவுந் தொடங்கினான்.

பெற்றோலை எரிப்பதால் உண்டாகும் வெப்பத்தில் ஏறத்தாழக் காற்பங்கே சக்கரத்தைச் சுழற்றும் வேலையாகின்றது. எஞ்சியது புகையோடும் எஞ்சினின் சூட்டோடும் போய்விடும். அந்தக் காற்பங்கும் எதிர்க்காற்றைப் பிளக்கவும், ரயரின் உராய்வைத் தாங்கவும், பாரத்தை நிலையிலிருந்து கிளப்பவும் செலவாகின்றது. வண்டியிற் சேரும் ஒவ்வோர் அலங்காரமும் இவற்றுள் ஏதேனும் ஒன்றின் பங்கைக் கூட்டக்கூடியது. எந்த அணி பெற்றோல் குடிக்கின்றது, எது குடிக்கவில்லை என்று காண்பதே எங்கள் ஆராய்ச்சியாயிற்று.

முறை எளிது. தாங்கியைக் குறித்த அளவுக்கு நிரப்பி, ஒரே வீதியில் ஒரே வேகத்திற் போய்த் திரும்பி, மறுபடியும் அதே அளவுக்கு நிரப்ப வேண்டும். ஓடிய தூரத்தை ஊற்றிய லீற்றரால் வகுத்தால் விடை வந்துவிடும். போக்கு, வரவு இரண்டையும் சேர்த்தே கணக்கிடல் வேண்டும். சோளகம் வீசுங் காலத்தில் ஆனையிறவைத் தாண்டித் தெற்கே போகிறவனை எதிர்க்குங் காற்று, திரும்பி வருகிறவனைத் தள்ளிக்கொண்டு வரும். மும்முறை அளந்து சராசரி காண வேண்டும். ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றவும் வேண்டும். நான்கை ஒன்றாக மாற்றினால் எது பயன் தந்தது என்பது எவர்க்குந் தெரியாது.

முதலிற் பணம் வேண்டாதவற்றைப் பார்த்தோம். ரயரிற் காற்றுக் குறைந்திருந்தது. சங்கிலி காய்ந்து இறுகியிருந்தது. சக்கரத்தைத் தூக்கிக் கையாற் சுழற்றியபோது பின்பிறேக் உரசி நிறுத்திற்று. இம்மூன்றையுஞ் சீராக்கியவுடன் 27 என்பது 29 ஆயிற்று.

அடுத்தது கலவை. பெற்றோல் முற்றாக எரிவதற்கு நிறையில் அதன் 14.7 மடங்கு காற்று வேண்டும். காபரேற்றரின் ஒடுங்கிய வழியே காற்று விரைகையில் அமுக்கங் குறைந்து, ‘ஜெற்’ என்னும் சிறுதுளையினூடாகப் பெற்றோல் மேலெழுகின்றது. காற்றுப் பெட்டியும் புகைக்குழாயும் இந்த விகிதத்தை மனதிற்கொண்டு அமைக்கப்பட்டவை. அவற்றை மாற்றியபோது, வண்டியைத் திருத்திய ஒருவர் பெரிய ஜெற் ஒன்றையும் பூட்டியிருந்தார். பிளக்கைக் கழற்றினோம், அது அடுப்புக்கரி போலக் கறுத்திருந்தது. எரியாத பெற்றோல் புகையாய்ப் போகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

என் தலைமுறையினர்க்கு இது புதிதன்று. 1990களின் முற்பகுதியில், பொருளாதாரத் தடையாற் குடாநாட்டுக்குப் பெற்றோல் வராத நாட்களில், மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினைக் கிளப்புவர். சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய் ஆவியாகி ஒழுங்காய் எரியும். எஞ்சின் குடிப்பது திரவமானாலும் எரிப்பது ஆவியையே என்ற பௌதிகப் பாடத்தை நாங்கள் தெருவிலேயே படித்துவிட்டோம். ஒரு துளியின் பெறுமதியையும் அப்போதே அறிந்துகொண்டோம்.

பழைய பெட்டியும், பழைய ஜெற்றும், பழைய குழாயும் மீண்டன. வெறுங்குழாயின் முழக்கத்தை விட அவனுக்கு மனம் வரவில்லை. பிளக் மண்ணிறமாய் மாறி, கணக்கு 33 என்று காட்டியபோதுதான் வந்தது. “மூலத்திலும் சிறிய ஜெற் போட்டால் இன்னும் மிச்சம் பிடிக்கலாமோ?” என்று கேட்டான். கூடாது என்றேன். பெற்றோல் அளவுக்கு மிஞ்சிக் குறைந்தால் எஞ்சின் கொதிக்கும். வால்வும் பிஸ்ரனும் கெடும். அது சிக்கனமன்று, முன்சொன்ன கஞ்சத்தனம்.

பின்னர்க் காற்றோடு வழக்காடினோம். உயர்ந்த கைபிடியைப் பிடித்திருப்பவன் மார்பை விரித்துப் பாய்மரம்போல நிற்கின்றான். அமெரிக்கரான கிரெய்க் வெற்றர் 1980களில் மோட்டார் சைக்கிள்களுக்கு எரிபொருட் சிக்கனப் போட்டிகளை நடத்தி, காற்று வழுக்கிச் செல்லும் வடிவமே பெருஞ் சேமிப்பைத் தரும் என்று காட்டினார். கைபிடியைத் தாழ்த்தி, இரும்புச் சட்டங்களைக் கழற்றினோம். கணக்கு 35 ஆயிற்று. கடைசியாக வேகம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 60இல் உள்ளதைவிட 75இல் அது ஒன்றரை மடங்குக்கும் அதிகம். 75இல் ஓடினால் 50 கிலோமீற்றருக்கு 40 நிமிடம். 60இல் 50 நிமிடம். பத்து நிமிடம் முன்னதாகப் புறப்பட அவன் இசைந்தான். கணக்கு 38 என்று வந்து நின்றது.

இடையில், பெற்றோற் குழாயிற் காந்தங் கட்டலாம், தாங்கியில் மருந்துக் கட்டி போடலாம் என்று கூறினோரும் உளர். அமெரிக்காவின் சுற்றாடற் பாதுகாப்பு நிறுவனம் இத்தகைய நூற்றுக்கு மேற்பட்ட சாதனங்களையும் கலவைகளையும் ஆராய்ந்தது; அவற்றுள் மிகச் சிலவே பயன் தந்தன, அதுவும் சிறு பயனே. அளவுகோலைக் கையில் வைத்திருப்பவனை இவ்வித வித்தைகள் ஏமாற்றா.

மாதம் 23 லீற்றருக்கு மேல் மிஞ்சுகின்றது. 2022 ஆடி மாதத்தில், கியூஆர் முறையின்கீழ் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்று அரசு வரையறுத்ததை எவரும் மறந்திரார். லீற்றருக்கு 27 கிலோமீற்றர் ஓடும் வண்டிக்கு அது அவனுடைய ஒருநாட் பயணத்தோடு முடிந்துவிடும். 38 ஓடும் வண்டி மறுநாளும் அவனை வேலைத்தலத்தில் இறக்கிவிடும். திரும்பி வருவதற்குத்தான் வேறு வழி தேட வேண்டும்!

அவன் தைத்த தோலிருக்கை அப்படியே இருக்கின்றது. பூசிய வர்ணமும் இருக்கின்றது. இவை ஒரு துளி பெற்றோலும் கேட்கவில்லை. பருத்த ரயர் கேட்கின்றது. அது தேய்ந்த பின் பழைய அளவுக்கே மாறுவதாகச் சொல்லியிருக்கின்றான். தங்கையின் பணமும் மாதந்தோறும் தாய் கைக்கு வருகின்றது. அழகைத் துறந்தால்தான் சிக்கனம் என்பதில்லை. நம் வீடுகளிலும் பருத்த ரயர்களும் வெறுங்குழாய்களும் பல உண்டு, தோலிருக்கைகளும் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் வெட்டுவதற்கு முன், ஒவ்வொன்றாய் அளந்து பாருங்கள். விடவேண்டியது எது, வைத்துக்கொள்ளத்தக்கது எது என்பதைக் கணக்கே சொல்லும்.