கடற்கரை வாடகையும் அம்மாவின் 555 புத்தகமும்

"கடலோரத்துல உக்காந்து வேலை பாக்குற. மகாராஜா வாழ்க்கைதான் போ!"

பெட்டாலிங் ஜெயாவில் என்னோடு வேலை பார்த்த நண்பர்கள் இதைச் சொல்லாத வாரமே இல்லை. பெங்காலான் பாலாக் கடற்கரையில் சூரியன் மறையும் நேரத்தில் ஒரு படம் எடுத்துப் புலனத்தில் போட்டதுதான் நான் செய்த தவறு. அன்றிலிருந்து என் சம்பளம் முழுவதும் மிச்சமாகிறது என்று ஊரே நம்புகிறது.

உண்மையைச் சொன்னால், 2024-இன் தொடக்கத்தில் மஸ்ஜிட் தானாவுக்குக் குடிவந்தபோது நானும் அப்படித்தான் நம்பினேன். கணினியும் இணையமும் இருந்தால் எங்கிருந்தும் செய்யக்கூடிய கணக்கு வேலை என்னுடையது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது வீட்டுக்கு வந்த வேலை, பிறகும் பாதி வீட்டிலேயே நின்றுவிட்டது. அப்புறம் எதற்குத் தலைநகர் வாடகை? செலவு பாதியாகும் என்று மனக்கணக்குப் போட்டேன்.

நான் மூட்டை முடிச்சுகளை இறக்கிய அன்றே அம்மா ஒரு 555 புத்தகத்தை என் கையில் கொடுத்தார். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சின்னப் புத்தகத்தை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மளிகைக் கடையில் கடன் சொல்லி வாங்கும் அரிசியும் மீன் டின்னும் அதில் ஏறும். சம்பளம் வந்ததும் அடிபடும்.

"மனசுல போடுற கணக்கு நமக்குப் பிடிச்ச மாதிரிதான் வரும் தம்பி. எழுதிப் பாரு" என்றார்.

எழுதினேன். ஓராண்டு முழுக்க எழுதினேன்.

புத்தகம் சொன்ன கணக்கு

பெட்டாலிங் ஜெயாவில் என் மாதச் செலவு இப்படி இருந்தது: வீட்டு வாடகை 1,600 வெள்ளி, சாப்பாடு 900, எல்ஆர்டி ரயிலும் கிராப் வண்டியும் 250, மின்சாரமும் தண்ணீரும் 100, இணையம் 100, அம்மாவுக்கு அனுப்பியது 400. ஆக 3,350 வெள்ளி.

இங்கே தாமானில் ஒற்றை மாடி வீட்டுக்கு 700 வெள்ளி வாடகை. அந்த ஒரு வரியில் மட்டும் 900 வெள்ளி இறங்கியது. நண்பர்கள் பார்ப்பதும் அந்த ஒரு வரியைத்தான்.

அடுத்த வரியில் கார். பெட்டாலிங் ஜெயாவில் எனக்குக் கார் இல்லை, தேவையும் இருக்கவில்லை. இங்கே கார் இல்லாவிட்டால் மருந்து வாங்கக்கூட இன்னொருவரைக் கேட்க வேண்டும். பழைய காருக்கு மாதத் தவணை 520, உள்ளூர் ஓட்டத்துக்குப் பெட்ரோல் 200, காப்புறுதி, சாலை வரி, பழுது என்று மாதத்துக்கு 120. மொத்தம் 840.

மின்சாரம் நான் எதிர்பார்க்காத இடத்தில் கடித்தது. அலுவலகத்தில் இருந்தபோது பகல் முழுவதும் முதலாளியின் ஏர்கோனில் உட்கார்ந்திருந்தேன். இப்போது அதே எட்டு மணி நேரம் என் ஏர்கோன் ஓடுகிறது. மின்சாரமும் தண்ணீரும் 230 ஆகிவிட்டது. இணையத்துக்கு 150. ஏனென்றால் ஒரு முறை முக்கியமான கூட்டத்தின் நடுவே இணைப்பு அறுந்து, நான் தலையாட்டிக்கொண்டே உறைந்துபோனேன். மறுநாளே வேறொரு நிறுவனத்தின் இணைப்பையும் கையிருப்பாக வாங்கிவிட்டேன். மாதம் இரண்டு முறை தலைநகர் போய்வர டோல், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 130. அம்மாவும் என்னோடு இருப்பதால் இரண்டு பேருக்கும் சாப்பாடு 800.

கூட்டினால் 2,850 வெள்ளி. மிச்சம் 500.

குறைவு என்று சொல்லமாட்டேன். ஆனால் 'பாதி' எங்கே, 500 எங்கே? நான் விட்டுவந்தது வாடகையை. சேர்த்துக்கொண்டது தூரத்தை. தூரத்துக்கும் மாதாமாதம் பில் வரும் என்பதை அந்தப் புத்தகம்தான் காட்டியது.

கடலைப் பார்த்த வீடு ஏன் கிடைக்கவில்லை?

முதலில் நான் தேடியது கடலோர வீடுதான். தஞ்சோங் பிடாராவிலிருந்து பெங்காலான் பாலாக் வரை ஏறி இறங்கினேன். அங்கே இருப்பவற்றில் பெரும்பாலானவை தங்கும் விடுதிகளும் ஹோம்ஸ்டேக்களும்தான். வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். இரண்டு இரவில் கிடைக்கும் பணத்தை விட்டுவிட்டு, மாத வாடகைக்கு எனக்கு யார் தருவார்கள்? கிடைத்த ஒரு வீட்டிலும் உப்புக் காற்றில் ஏர்கோன் பெட்டி துருவேறி நின்றது. "வருஷத்துக்கு ஒரு தரம் மாத்தணும்" என்றார் வீட்டுக்காரர், ஏதோ நாள்காட்டியை மாற்றுவதுபோல.

அதனால் கடலிலிருந்து கொஞ்சம் உள்ளே தாமானில் குடியேறினேன். கடற்கரைக்கு மாலையில் போவோம். பாடாங் கெமுந்திங் ஆமைப் பாதுகாப்பு மையத்தை அம்மாவுக்குக் காட்டினேன். இந்தக் கரைக்கு முட்டையிட வரும் அழுங்காமைகளைப் பற்றிக் கேட்டுவிட்டு, "அதுகூட மணலைப் பாத்துத்தான் முட்டை போடுது. நீ எல்லாம் பாக்காம வந்துட்ட" என்றார்.

யாருக்கு மலிவு?

நம் நாட்டில் தங்கி இணையவழி வேலை செய்யும் வெளிநாட்டினருக்கு 'டி ரந்தாவ்' என்ற அனுமதி அட்டை 2022 அக்டோபரில் தொடங்கியது. தகவல் தொழில்நுட்பத் துறையினர் என்றால் ஆண்டுக்கு 24,000 அமெரிக்க டாலருக்கு மேல் வருமானம் இருக்க வேண்டும். அதாவது மாதம் ஏறக்குறைய 8,000 வெள்ளி. அந்த வருமானத்தோடு வருபவருக்கு இந்த ஊர் மலிவுதான்.

ஆனால் 2025 பிப்ரவரியிலிருந்து நம் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. எனக்கு ரொட்டி சானாய் போடும் தம்பியும், கல்லாவில் நிற்கும் தங்கையும் வாங்குவது அதை ஒட்டித்தான் இருக்கும். அவர்களுக்கு என் 700 வெள்ளி வீடு மலிவே அல்ல. சாப்பாடு மலிவாக இருக்கிறது என்று நாம் மகிழும்போது, அதைச் சமைப்பவரின் சம்பளமும் குறைவு என்பதை மறந்துவிடுகிறோம். அதனால் கடையில் பேரம் பேசுவதை விட்டுவிட்டேன்.

வேலை போனால் வீடு?

மலாக்காவுக்கும் ரப்பருக்கும் உள்ள உறவு பழையது. 1896-இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டார். பிறகு வந்த தோட்டங்களில் பால்மரம் வெட்ட வந்தவர்கள்தான் நம் கொள்ளுத் தாத்தா பாட்டிகள். வேலை கொடுத்த தோட்டமே லயத்து வீட்டையும் கொடுத்தது. வாடகை இல்லை, போக்குவரத்துச் செலவும் இல்லை. பெரட்டுக்கு நடந்தே போய்விடலாம். இன்றைய பேச்சில் சொன்னால், வேலை செய்யும் இடத்திலேயே வாழ்க்கை.

விலை கடைசியில்தான் தெரியும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில் வேலையும் வீடும் ஒன்றாகப் போயின. அந்த வலியில்தான் 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கினார். எங்கள் வீட்டில் அந்த வலி இன்னும் பிந்தி வந்தது. அப்பா ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். முப்பது வருடம் வாழ்ந்த வீட்டின் சாவியை அம்மாதான் கொண்டுபோய் ஆபீசில் கொடுத்தார். அப்பா வெளியே மோட்டாரிலேயே உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு அக்கா வீட்டில், இரண்டு பேருக்கும் ஓர் அறை.

அதனால்தான் இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரம் அம்மா கேட்டார்: "இது கம்பெனி கொடுத்த வீடா தம்பி?"

"இல்லம்மா. நான் வாடகைக்கு எடுத்தது."

"அப்ப வேலை போனாலும் யாரும் வந்து போகச் சொல்லமாட்டாங்க."

"வாடகை கட்டினா சொல்லமாட்டாங்கம்மா."

அவர் தலையசைத்துவிட்டுக் கறிவேப்பிலைக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். என் இணையவேலையின் பெருமை என்ன என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறைக்குப் பிறகு வேலையும் வீடும் தனித்தனி முடிச்சாகியிருக்கின்றன.

கடிதம் வந்தது

சென்ற ஆண்டு, வாரம் மூன்று நாள் அலுவலகம் வர வேண்டும் என்று கடிதம் வந்தது. இங்கே இளைஞர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. 2023 ஜனவரி முதல் நடப்பில் உள்ள வேலைச் சட்டத் திருத்தத்தின்படி, வேலை நேரம், நாள், இடம் ஆகியவற்றை மாற்றித் தருமாறு ஊழியர் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கேட்கும் உரிமைதான் இது, கட்டாயம் கிடைக்கும் என்பதில்லை. ஆனாலும் வாய்மொழியாகப் புலம்புவதைவிட எழுதிக் கேட்பது மேல்.

எழுதிக் கேட்டேன். வாரம் இரண்டு நாள், ஓராண்டுக்கு என்று பதில் வந்தது. செவ்வாய் விடியற்காலையில் கிளம்பி, இரவு நண்பன் வீட்டில் தங்கி, புதன் மாலை திரும்புகிறேன். மாதத்துக்கு நான்கு பயணம். புத்தகத்தில் 130 வெள்ளி கூடியது. மிச்சம் 370 ஆனது.

இப்படிக் குடிபெயர நினைக்கும் குடும்பங்களுக்கு என் அனுபவத்தில் சில வார்த்தைகள். வீட்டை வேலை நாளில் ஒரு முறை, வார இறுதியில் ஒரு முறை போய்ப் பாருங்கள். முன்பணம் கொடுக்கும் முன் அந்த வீட்டுக்குள்ளேயே நின்று கைப்பேசி அலைவரிசையைச் சோதியுங்கள். கார் செலவை வாடகையோடு சேர்த்தே எழுதுங்கள். சுயதொழில் முறையில் வேலை செய்பவர் என்றால் உங்களுக்காக யாரும் இபிஎஃப் கட்டமாட்டார்கள். ஐ-சாரான் திட்டத்தில் நீங்களே கட்டினால் அரசு ஆண்டுக்கு 500 வெள்ளி வரை ஊக்கத்தொகை தருகிறது. சொந்தத் தொழில் செய்வோருக்கான சொக்சோ காப்புறுதியையும் விட்டுவிடாதீர்கள்.

"மாசம் 370 வெள்ளிக்காகவா இவ்வளவு ஓட்டம்?" என்று நண்பன் கேட்டான். அந்தக் கேள்வியை அப்படியே அம்மாவிடம் சொன்னேன். அவர் 555 புத்தகத்தை வாங்கி, பழைய கணக்கில் 'அம்மாவுக்கு அனுப்பியது 400' என்ற வரியில் விரல் வைத்தார்.

"இந்த வரி புதுக் கணக்குல இல்ல பாரு" என்றார். பிறகு, "செவ்வாய்க்கிழமை காலையில சீக்கிரம் கிளம்பணும். போய்த் தூங்கு" என்றார்.