எப்படிப்பட்ட கூட்டம் வரும்?

லண்டன் பொலிஸிடம் 2005 தொடக்கம் 2017 வரை ஒரு படிவம் இருந்தது. எல்லோரும் அதை எண்ணால்தான் சொல்வோம்: 696. டிஜேக்களோ எம்சிக்களோ வருகிற இசை நிகழ்ச்சி ஒன்றை நீங்கள் நடத்தப் போகிறீர்கள் என்றால், பதினான்கு நாட்களுக்கு முன்பே அதை நிரப்பிக் கொடுக்கச் சொல்வார்கள். மேடையேறுகிற ஒவ்வொருவரின் சொந்தப் பெயர், மேடைப் பெயர், வீட்டு முகவரி, ஃபோன் நம்பர், பிறந்த திகதி. எல்லோருக்கும் சட்டப்படி கட்டாயம் என்றில்லை. ஆனால் பல இடங்களின் லைசென்ஸ் நிபந்தனைக்குள்ளேயே அதைச் சேர்த்துவிட்டிருந்தார்கள். ஆக, கட்டாயம்தான்.

ஆரம்ப வருடங்களில் இன்னும் இரண்டு கேள்விகள் அதில் இருந்தன. என்ன வகை இசை? உதாரணத்துக்கு பாஷ்மென்ட், ஆர் அண்ட் பி, கராஜ் என்று அவர்களே எடுத்துக் கொடுத்திருந்தார்கள். ராக் அந்த உதாரணத்தில் இல்லை. அடுத்த கேள்வி: குறிப்பிட்ட இனத்தவர் யாராவது வருகிறார்களா? ஆம் என்றால், எந்த இனம்?

நான் முதன்முதலாக ஒரு நிகழ்ச்சி நடத்தியது 2011-இல். அதற்குள் எதிர்ப்பு வலுத்து அந்த இரண்டு கேள்விகளையும் நீக்கிவிட்டார்கள். காகிதத்தில் இருந்துதான் நீக்கினார்கள். கேள்வி ஃபோனில் வந்தது. ஹாலை வாடகைக்குத் தருகிறவர், எல்லாம் பேசி முடித்த பிறகு, குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு கேட்பார்: "அப்ப, எப்படிப்பட்ட கூட்டம் வரும்?"

எப்படிப்பட்ட கூட்டம் என்று எனக்கு அப்போது தெரியாது. ஃப்ளையர் அடித்துக் கடை கடையாகக் கொடுப்போம், யார் வருகிறார்களோ அவர்கள்தான் கூட்டம். நாங்கள் நாலு பேர். கொலம்பியாவின் கடற்கரை ஊர் ஒன்றில் பிறந்த ஒருத்தி. பெக்கமில் வளர்ந்த நைஜீரியக் குடும்பத்துப் பெடியன். வைட்சேப்பலில் இருந்து ஒரு வங்காளி ஓவியன். பதினாறு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஈஸ்ட் ஹாமில் இறங்கிய நான். 'பல்பண்பாட்டு நிகழ்ச்சி' என்று நாங்கள் ஒருநாளும் ஃப்ளையரில் போட்டதில்லை. எனக்கு அந்த வார்த்தை பிடிக்காது. அந்த வார்த்தை எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு சமோசாத் தட்டும் ஒரு கொடி வரிசையும் இருக்கும், ஆறு மணிக்கு எல்லாம் முடிந்துவிடும்.

எங்களுக்கு வேண்டியிருந்தது வேறு. ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டு இறங்க வேண்டும், ஆடுகிறவர்களுக்கு எப்போது இறங்கியது என்று தெரியக்கூடாது. சொல்வது சுலபம். ஹவுஸ், டெக்னோ எல்லாம் நாலு நாலாக நடக்கிற இசை. எங்கள் குத்து, உறுமி, பைலா எல்லாம் மூன்று மூன்றாக உருளும். ஹவுஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு குத்துப் பாட்டை அப்படியே தூக்கி வைத்தால், இரண்டு பேர் ஒரே கதவுக்குள் ஒரே நேரத்தில் நுழையப் பார்க்கிற மாதிரி இருக்கும். ஆனால் ஆறில் ஒரு வசதி உண்டு. ஆறு அடியை இரண்டு மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு மூன்றின் முதல் அடியையும் ஹவுஸின் உதைக்கு மேல் உட்கார வைத்தால் இரண்டும் சேர்ந்து நடக்கத் தொடங்கும். கால் நாலில் போகும், தோள் மூன்றில் போகும். நடுவில் பாலம் போட டர்பனிலிருந்து வந்த கோம் இசை எங்களுக்குக் கிடைத்தது. (அந்த முதல் எழுத்தை நாக்கைச் சொடுக்கிச் சொல்ல வேண்டும், தமிழில் எழுத வழியில்லை.) இருண்ட, உடைந்த தாளம். மூன்றும் தெரியும், நாலும் தெரியும். அதற்குள்ளிருந்து உறுமியைக் கிளப்பினால் எந்த பெக்கம் பெடியனும் இது வேறு ஊர் என்று நின்று யோசிக்க மாட்டான்.

பைலாவை நான் முதலில் போட்ட இரவில் கொலம்பியத் தோழி மேடைக்கு ஓடிவந்து, "இது எங்கட ஊர்ப் பாட்டு மாதிரியே இருக்கு, எங்க பிடிச்சாய்?" என்றாள். பிடித்த கதை அவளுடையதைப் போன்றதுதான். இலங்கையின் பைலாவுக்குள் போர்த்துக்கேயரும் இருக்கிறார்கள், அந்தக் காலத்தில் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களும் இருக்கிறார்கள். புத்தளம் பக்கத்தில் அவர்கள் வழிவந்தவர்கள் இன்றும் மஞ்சா பாடுகிறார்கள். அவளுடைய ஊரில் கப்பல்காரர்கள் கொண்டுவந்த ஆப்பிரிக்க இசைத்தட்டுகளைப் 'பிக்கோ' என்கிற பிரம்மாண்டமான ஸ்பீக்கர் அடுக்குகளில் போட்டு ஆடியிருக்கிறார்கள். போட்டிக்காரனுக்குப் பாட்டின் பெயர் தெரிந்துவிடக் கூடாதென்று தட்டின் லேபிளைக் கிழித்துவிடுவார்களாம். பிக்கோவின் முகப்பில் பளபளவென்று படம் வரைந்திருக்கும். எங்கள் வங்காளி ஓவியன் அதைப் பார்த்ததும், "இது டாக்கா ரிக்‌ஷா" என்றான். அடுத்த மாதமே எங்கள் வாடகை ஸ்பீக்கர்களுக்கு முன்னால் ரிக்‌ஷா மயிலும் கரீபியன் கடலும் வரைந்த பலகை நின்றது. எங்கள் நிகழ்ச்சியில் ஓவியம் சுவரில் தொங்கவில்லை. பேஸ் அடிக்கும்போது அதுவும் சேர்ந்து நடுங்கியது.

இதொன்றும் நாங்கள் கண்டுபிடித்ததல்ல. இந்த நகரத்தின் 'அண்டர்கிரவுண்ட்' ஒரு ரசனையாகத் தொடங்கவில்லை. ஐம்பது, அறுபதுகளில் கறுப்பர்களைப் பல கிளப்புகள் வாசலிலேயே திருப்பி அனுப்பின. அவர்கள் வீட்டு நிலவறையில் ஸ்பீக்கர் வைத்து ஆடினார்கள், அதற்குப் பெயர் ப்ளூஸ் டான்ஸ். டால்ஸ்டனில் 1966-இல் தொடங்கிய ஃபோர் ஏசஸ் கிளப், கரீபிய இசைக்கு லண்டனில் கிடைத்த முக்கியமான மேடைகளில் ஒன்று. பின்னாளில் ரேவ் கூட்டமும் அதே கட்டடத்தில்தான் ஆடியது. 2007-இல் இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகளும், சி.எல்.ஆர். ஜேம்ஸ் பெயரில் ஒரு நூலகமும் இருக்கின்றன. நூலகம் நல்லதுதான், நானும் போவேன். ஆனால் அதில் அமைதியாக இருக்க வேண்டும்.

1994-இல் வந்த ஒரு சட்டம் ரேவ்களைத் தடுக்கப்போய், இசை என்றால் என்ன என்று விளக்க நேர்ந்தது. திரும்பத் திரும்ப வரும் அடிகளின் தொடரை வெளியிடும் ஒலிகளும் அதில் அடங்கும் என்று எழுதினார்கள். எங்கள் ஊர்த் திருவிழாவில் விடியவிடிய நடப்பதற்கு இதைவிடத் துல்லியமான விளக்கத்தை நான் படித்ததில்லை.

அடுத்த வருடமே ஹாக்ஸ்டனின் ப்ளூ நோட் கிளப்பில், டால்வின் சிங்கும் ஸ்வீட்டி கபூரும் 'அனோகா' என்கிற இரவைத் தொடங்கினார்கள். தபலாவும் டிரம் அண்ட் பேஸும் ஒன்றாக ஓடிய இடம். அது நடந்தது திங்கட்கிழமைகளில். இசை விமர்சகர்கள் இதைப் பெரிதாகச் சொல்ல மாட்டார்கள், நிகழ்ச்சி நடத்துகிறவளுக்கு இதுதான் முதலில் கண்ணில் படும். வெள்ளியும் சனியும் எப்போதும் வேறு யாருக்கோ. 1997-இல் அனோகா தொகுப்பு வந்தது, 1999-இல் டால்வின் சிங் மெர்க்குரி பரிசு வாங்கினார். 'ஏசியன் அண்டர்கிரவுண்ட்' என்று பத்திரிகைகள் ஒட்டிய பெயரை அதற்குள் இருந்த பலருக்கே பிடிக்கவில்லை. பெயர் ஒட்டினால் கடையில் தட்டு வைக்கலாம். அடுத்த சீசனில் அதே தட்டைக் காலி பண்ணவும் செய்யலாம்.

இனி அந்த ஃபோனுக்கு வருகிறேன். 2014. கிழக்கு லண்டனில் 220 பேர் கொள்ளும் ஒரு ஹால். வாடகை 450 பவுண், சவுண்ட் சிஸ்டம் 250, இரண்டு செக்யூரிட்டி ஆட்கள் ஆறு மணி நேரம், மணிக்கு 17 வீதம் 204. ஐந்து கலைஞர்களுக்கு ஆளுக்கு 50, அச்சு, வான் வாடகை 106. மொத்தம் 1260. டிக்கட் 7 பவுண். 180 பேர் வந்தால் கைக்காசு போகாது. எல்லாம் ஒத்துக்கொண்ட ஹால்காரர் ஃப்ளையரைப் பார்த்துவிட்டு, அதே கேள்வியைக் கேட்டார். "லண்டன்காரர்" என்றேன். சிரித்தார். இரண்டு நாள் கழித்து ஈமெயில்: கூட்டத்தின் தன்மையை முன்னிட்டு செக்யூரிட்டி ஆறு பேர் வேண்டும்.

நாலு பேர் கூடினால் 408 பவுண் கூடும். 1668. ஏழால் வகுத்துப் பாருங்கள், 239 பேர் வேண்டும். ஹால் நிரம்பினாலே 220தான். வாசல் வரை ஆட்கள் நின்றாலும் நட்டம். யாரும் எங்களைத் தடுக்கவில்லை, 'வராதே' என்று சொல்லவில்லை. கணக்கு மட்டும்தான் சொன்னது. அதே ஹாலில் அதற்கு முந்தைய சனிக்கிழமை நடந்த டெக்னோ இரவுக்கு இரண்டு பேர்தான் நின்றார்கள். அதில் ஒருவர் எங்கள் செட்டுகளுக்கும் வந்து நிற்கும் கானாக்கார அண்ணை, அவரே சொன்னார்.

டிக்கட்டை ஏற்றலாம் என்றான் பெக்கம் பெடியன். ஏற்றினால் முதலில் கழன்றுபோவது ஈஸ்ட் ஹாம் பிள்ளைகள். நான் அப்போது நினைத்தது அனோகாவையும் விடப் பழைய ஒரு விசயத்தை. எண்பதுகளில் பஞ்சாபிப் பிள்ளைகள் பகலில் நடத்திய பங்க்ரா நிகழ்ச்சிகள். இரவில் வீட்டில் விடமாட்டார்கள், முக்கியமாகப் பெண்பிள்ளைகளை. அதனால் பள்ளி நேரத்தில் பாடம் கட் அடித்துவிட்டு, கழிவறையில் சீருடையை மாற்றிக்கொண்டு, ஹாமர்ஸ்மித் பலேயில் ஆடிவிட்டு, மாலையில் ஒன்றும் தெரியாத முகத்தோடு வீடு போவார்கள். அந்த ஞாபகத்தில் பெயர் வைத்துக்கொண்டு 2020-இல் 'டேடைமர்ஸ்' என்றொரு இளைஞர் குழுவே வந்தது.

நாங்கள் ஞாயிறு மூன்று மணிக்கு மாறினோம். மூன்றிலிருந்து ஒன்பது. பார் கிடையாது, ஒரு சமூகக் கூடம், வாடகை பாதி. செக்யூரிட்டி பற்றி யாரும் கேட்கவில்லை. அதே ஆட்கள், அதே பேஸ், வெளியில் வெயில் இருந்ததுதான் வித்தியாசம்.

வந்தவர்கள்தான் மாறினார்கள். என்னோடு கல்லூரியில் படித்து, இரவு நிகழ்ச்சி ஒன்றுக்கும் வராத தமிழ்ப் பெண்கள் வந்தார்கள். ஒருத்தி குழந்தையோடு வந்தாள், குழந்தையின் காதில் பெரிய கவசம். சிலெட் அம்மா ஒருவர் மகனைக் கூட்டிப்போக வந்தவர், ஒரு மணி நேரம் சுவரோரம் நின்று பார்த்தார்.

இந்த ஞாயிறுகளை நம்பி ஒரு நிதி உதவிக்கு விண்ணப்பித்தோம். அந்தப் படிவத்திலும் கேள்வி இருந்தது: உங்கள் பார்வையாளர்கள் எந்தெந்த இனத்தவர், எத்தனை வீதம்? ஹால்காரருக்கு எது பயமாக இருந்ததோ, அது இங்கே மார்க்காக இருந்தது. வாசலில் நின்று முகம் பார்த்து நான் வீதம் எழுத முடியாது என்றேன். எழுதாமல் கொடுத்தோம். கிடைக்கவில்லை. அதுதான் காரணமா என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை.

மூன்றாவது தடவை அதே கேள்வியைக் கேட்டது எங்கள் ஆட்கள். லண்டனில் பறை பழகும் ஒரு சின்னக் குழுவை அழைத்திருந்தோம். உச்ச நேரம், ஏழரை மணி, அவர்களுக்கு. ஃப்ளையரைப் பார்த்த ஊர்ச் சங்கத்து மாமா ஒருவர் கடைக்குள் என்னை நிற்பாட்டினார்.

"பிள்ளை, உந்தப் பறையை என்னத்துக்கு எல்லாருக்கும் முன்னால கொண்டுபோய் அடிக்கிறியள்? எங்களிட்ட வேற ஒண்டும் இல்லையோ? தவில் இல்லையோ?"

"தவிலும் வரும் மாமா. அது அஞ்சு மணிக்கு."

"அப்பிடியெண்டா எங்கட ஆக்கள் வரமாட்டினம்."

"ஆர் மாமா எங்கட ஆக்கள்?"

அவர் பதில் சொல்லவில்லை, பையில் இருந்த முருங்கைக்காயைச் சரிசெய்தார். ஒரு சாதியின் தலையில் சாவு மேளமாகக் கட்டப்பட்டு, அதே மக்களின் போராட்டத்தால் கலையாக நிமிர்ந்த வாத்தியம் அது. இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஹால்காரருக்கு நாங்கள் எல்லோரும் ஒரே 'கூட்டம்'. மாமாவுக்கு அந்தக் கூட்டத்துக்குள் இன்னும் எத்தனையோ வாசல்கள்.

எனக்கு இதில் இருந்து ஒரு பழக்கம் வந்தது. ஒரு நிகழ்ச்சியில் எத்தனை நாட்டுக் கலைஞர்கள் என்று இப்போது நான் பார்ப்பதில்லை, நேர அட்டவணையைத்தான் பார்ப்பேன். நாலு மணிக்கு ஆட்கள் வருமுன் யாரை ஏற்றுகிறார்கள், ஏழரைக்கு யாரை? நிறைய விழாக்களில் உலகம் முழுக்க நாலு மணிக்கே பாடி முடித்துவிடும்.

ஏழரைக்குப் பறை அடித்தார்கள். ஆறு பேர், மைக் ஒன்றும் இல்லை. கோம் பாட்டின் உதையை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் நான் இறக்கினேன், அவர்கள் அதற்கு மேல் ஏறினார்கள். தோழியின் ஊர்க்காரர்கள் கைதட்டல் கொண்டு இன்னொரு தாளம் சேர்த்தார்கள். சங்கத்து மாமா வரவில்லை. அவருடைய மகள் வந்தாள், என்னிடம் பேசவில்லை, முன் வரிசையில் நின்றாள்.

லண்டன் நகர நிர்வாகத்தின் கணக்கில் 2007-இல் 136 சிறிய இசைக்கூடங்கள் இருந்தன, 2015-இல் 88. 2016-இல் டால்ஸ்டனின் பாஸிங் க்ளவுட்ஸும் போனது, நாங்கள் பலமுறை போய் ஆடிய இடம். 2017 நவம்பரில் 696-ஐ ஒருவழியாகக் கைவிட்டார்கள். எங்கள் சமூகக் கூடத்தை இப்போது மாநகர சபை மாதத்தில் ஒரு ஞாயிறுக்கு மட்டும் தருகிறது, மற்ற ஞாயிறுகளில் ஒரு கானா நாட்டுத் திருச்சபையும் ஒரு பரதநாட்டிய வகுப்பும். அவர்களின் ஆர்கனும் எங்கள் ரிக்‌ஷாப் பலகையும் ஒரே ஸ்டோர் ரூமில்தான் நிற்கின்றன. போன மாதம் பலகையின் மயிலில் வண்ணம் உரிந்திருந்தது. ஓவியன் வந்து திருத்தும்வரை அதன்மேல் ஒரு பாய் போட்டு மூடி வைத்திருக்கிறோம்.