அட்டையும் துளையும்

வாலாஜாபாத்தில் எனக்குத் தெரிந்த நெசவாளர் ஒருவர் கேட்டார்: "கம்ப்யூட்டருக்கு ஞாபகசக்தி உண்டென்கிறீங்களே ஸார், கரண்ட் போனால் ஏன் மறந்துபோகுது?"

முந்தின இரவுதான் என் நாவலில் ஓர் அத்தியாயத்தை அப்படிப் பறிகொடுத்திருந்தேன். அவர் தறிமேலிருந்த ஜக்கார்டு பெட்டியைக் காட்டினேன். 1804-ல் பிரான்ஸில் பிறந்த சங்கதி அது. அட்டையில் துளை இருந்தால் பாவு இழை எழும்பும்; இல்லாவிட்டால் எழும்பாது. கம்ப்யூட்டருக்கும் இந்த இரண்டே சேதிதான். அப்படி ஒன்று பிட். 8 சேர்ந்தால் பைட். ரேம் என்பது மின்சாரத்தால் போட்ட துளை. கரண்ட் போனால் துளையும் போச்சு! டிஸ்க்தான் அட்டை மாதிரி, விளக்கணைந்தாலும் அழியாது. அத்தியாயம் போன கதையையும் சொல்லிவைத்தேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவ்வளவும் தெரிஞ்சுமா ஸார், அதை அட்டையில் ஏத்தாம விட்டீங்க?"