ஓமந்தைக்கு அப்பால் ஒரு வாடகை வேன்

இலங்கை ஒரு தீவு, நான்கு பக்கமும் கடல், தரைவழியாகக் கடக்க வேண்டிய எல்லை எதுவும் நமக்கு இல்லை என்று பாடப் புத்தகத்தில் படிக்கிறோம். பரீட்சைக்கு அதையே எழுதுங்கள், புள்ளி கிடைக்கும். ஆனால் நான் ஒன்பதாம் தரத்தில் படித்த 2002ஆம் ஆண்டில், பூவரசங்குளத்திலிருந்து யாழ்ப்பாணம் போய்வர எங்கள் குடும்பம் ஒரு வெளிநாட்டுப் பயணத்துக்குப் போல ஆயத்தம் செய்தது. வவுனியாவுக்கு வடக்கே ஓமந்தையில் அரசாங்கத்தின் பகுதி முடிந்தது. அதற்கு அப்பால் முகமாலை வரை விடுதலைப் புலிகளின் பகுதி. முகமாலை தாண்டினால் மறுபடியும் அரசாங்கம். வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏறத்தாழ 140 கிலோமீற்றர்தான். அதற்குள் இரண்டு எல்லைகள். ஒவ்வொன்றிலும் இரண்டு சோதனைகள்.

அந்த வருடம் பெப்ரவரி 22இல் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. ஏப்ரல் 8இல் ஏ-9 வீதி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஐந்து நாள் கழித்து, ஏப்ரல் 13இல், கிளிநொச்சியில் ரவூப் ஹக்கீமும் பிரபாகரனும் ஓர் உடன்பாட்டில் ஒப்பமிட்டார்கள். வடக்கு முஸ்லிம்கள் திரும்பி வரலாம் என்ற பேச்சு அதோடுதான் எங்கள் வீட்டுக்குள் வந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் 70,000 பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணச் சோனகத் தெருவுக்கு அந்த நாள் ஒக்டோபர் 30. உம்மா அந்தத் தெருவில் பிறந்தவர். உம்மம்மா பன்னிரண்டு வருடமாகப் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலிலும் பிறகு தகரக் கொட்டிலிலும் இருந்தார். வாப்பா பூவரசங்குளத்தில் நெல் வாங்கி விற்றுக்கொண்டிருந்தார். பாதை திறந்த செய்தி கேட்டதும் உம்மம்மா பஸ் ஏறி எங்களிடம் வந்துவிட்டார். "ஒருக்காப் பாத்திட்டு வந்தாப் போதும். இரிக்கக் கேக்கல்ல" என்றார்.

முதல் வேலை வேன் பிடிப்பது. பஸ்ஸில் போகலாம்தான், போனவர்களும் இருந்தார்கள். உம்மம்மாவின் முழங்கால் அதற்கு இடம் தரவில்லை. வவுனியா நகரத்தில் ஒருவரிடம் டொல்பின் வேன் ஒன்று வாடகைக்கு இருந்தது. அனுராதபுரம் என்றால் உடனே சாவியைத் தருகிறவர், யாழ்ப்பாணம் என்றதும் கதிரையைக் காட்டி வாப்பாவை இருக்கச் சொன்னார்.

"ஹாஜியார், வேன் என்ட. றோட்டு ஆர்ட?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு வாப்பாவிடமும் பதில் இல்லை. மனிதரைக் குறை சொல்ல முடியாது. யுத்தத்தால் வரும் சேதம் சாதாரண வாகனக் காப்புறுதிக்குள் அடங்காது. ஓமந்தைக்கு அப்பால் டயர் வெடித்தாலும் வேன் தடுத்து வைக்கப்பட்டாலும் அவர் யாரிடம் போய்க் கேட்பது? கடைசியில் கிலோமீற்றர் கணக்கை விட்டு நாள் கணக்கில் வாடகை பேசினார்கள். இரண்டு இரவுக்கு மேல் தங்கக் கூடாது. அவருடைய சாரதிதான் ஓட்ட வேண்டும். வேனுக்கு ஏதும் நடந்தால் வாப்பா பொறுப்பு என்று ஒரு கடிதம், அதில் முத்திரை, சமாதான நீதவானின் ஒப்பம். உம்மா அன்றிரவு தன் காப்புகளைக் கழற்றி அலுமாரியில் வைத்ததைக் கண்டேன். கொண்டுபோகப் பயந்தாரா, தேவைப்பட்டால் விற்க வைத்தாரா என்று நான் கேட்கவில்லை.

அடுத்தது கடதாசிகள். வேனின் பதிவுப் புத்தகம் உரிமையாளர் பெயரில் இருந்ததால் அவருடைய அனுமதிக் கடிதம் ஒன்று. வரிப் பத்திரம், காப்புறுதி, சாரதியின் அனுமதிப்பத்திரம். பெரியவர்களுக்குத் தேசிய அடையாள அட்டை. எனக்கும் தம்பிக்கும் அட்டை எடுக்கும் வயதில்லை. பிறப்புச் சான்றிதழோடு கிராம அலுவலரின் கடிதமும் எடுத்தோம். எல்லாவற்றிலும் மூன்று பிரதிகள். உம்மா அவற்றை ஒரு பிளாஸ்ரிக் உறையில் போட்டு ஊசிநூலால் வாயைத் தைத்தார். ஓமந்தையில் பிரிக்கத்தானே வேண்டும் என்று வாப்பா சொன்ன பிறகு தையலைப் பிரித்தார்.

பெரிய வாக்குவாதம் காணி உறுதியைப் பற்றியது. 1990க்கு முன்பே ஏதோ அலுவலாக அது கொழும்பில் மாமாவிடம் போயிருந்தது, அதனால்தான் தப்பியது. உம்மம்மா மூல உறுதியையே கொண்டுபோக வேண்டும் என்றார். "காணி எண்டதுக்கு உறுதிதானே சாட்சி. போட்டோக் கொப்பியக் காட்டினா ஆர் நம்புற?" வாப்பா ஒரே பிடியாக மறுத்தார். நான்கு சோதனைச் சாவடிகளில் நான்கு முறை கை மாறும் கடதாசி ஒருமுறை திரும்பி வராவிட்டால் என்ன செய்வது? இரண்டு நாள் உம்மம்மா வாப்பாவோடு கதைக்கவில்லை. வாப்பா சொன்னதுதான் சரி என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆனால் உம்மம்மா கேட்டது காணியின் சாட்சியை மட்டும் அல்ல என்பது எனக்கும் விளங்கியது. ஈற்றில் பிரதிதான் போனது.

பொதிகள் சிறிதாக இருக்க வேண்டும் என்பது சாரதியின் கட்டளை. புலிகளின் பகுதிக்குள் போகும் வாகனங்களுக்கும் பொருள்களுக்கும் வரி அறவிடப்பட்டது. பொதி பெருத்தால் கேள்வியும் பெருக்கும். அரிசி, கருவாடு, தொதல் மட்டும் எடுத்தோம். தொதல் பக்கத்து வீட்டு ஆச்சிக்கு. அவர் உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாமல் உம்மம்மா கிண்டினார். தம்பியின் பச்சைப் புள்ளிக் காற்சட்டையை, பட்டாளத்து உடை போல இருக்கிறதென்று உம்மா பையிலிருந்து எடுத்தெறிந்தார். சாரதி தன் பங்குக்கு இரண்டு மேலதிக டயர், கயிறு, தண்ணீர்க் கலன் எல்லாம் ஏற்றினார். அந்தப் பக்கம் வீதி குண்டும் குழியும். ஓரங்களில் மண்டையோடு வரைந்த மிதிவெடிப் பலகைகள். "எங்க நிப்பாட்டினாலும் தார் ரோட்டில மட்டும் நில்லுங்கோ. மரத்தடிக்குப் போகாதீங்கோ" என்று எங்களை வரிசையாக நிறுத்திச் சொன்னார். அப்படியென்றால் பெண்கள் மலசலகூடத்துக்கு என்ன செய்வது? அதை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. உம்மா மட்டும் முதல் நாள் இரவிலிருந்தே எங்களுக்குத் தேநீரைக் குறைத்துவிட்டார்.

இன்னொரு விசயம் மாணவிகள் நம்ப மாட்டீர்கள். இரண்டு பக்கமும் மணி வேறு. 1996இல் அரசாங்கம் நாட்டின் நேரத்தை முன்னே தள்ளியபோது புலிகளின் பகுதி அதை ஏற்கவில்லை. பழைய நேரத்திலேயே இருந்தது. ஆகவே ஓமந்தை தாண்டியதும் கடிகாரத்தை அரை மணி பின்னே வைக்க வேண்டும், முகமாலை தாண்டியதும் அரை மணி முன்னே. 2006இல் அரசாங்கமே பழைய நேரத்துக்குத் திரும்பும்வரை இது நீடித்தது. லுஹரை எந்த நேரப்படி தொழுவது என்று தம்பி வாப்பாவைப் போட்டுக் குடைந்தான். "சூரியனுக்கு மணிக்கூடு இல்ல, வாப்பா" என்று உம்மம்மாதான் அதை முடித்தார். எப்படியும் பிரயாணத்தில் லுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழலாம். யாழ்ப்பாணம் போய்த் தொழுவதென்று தீர்மானித்தோம்.

ஓகஸ்ட் விடுமுறையில், ஒரு நாள் சுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். ஓமந்தையில் வாகன வரிசை. பெண்களுக்குத் தனிச் சோதனை. உம்மம்மாவின் வெற்றிலைப் பைக்குள்ளும் பார்த்தார்கள். புளியங்குளத்தில் மறுபடியும் பதிவு. மாங்குளத்திலும் கிளிநொச்சியிலும் கூரையில்லாத சுவர்கள். முறிகண்டியில் எல்லா வாகனங்களையும் போல எங்கள் வேனும் நின்றது. சாரதி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார், நாங்கள் கச்சான் வாங்கினோம். ஆனையிறவில் யாரும் பேசவில்லை.

அந்த வீதி 2006 ஓகஸ்டில் மறுபடி மூடப்பட்டதும், யுத்தம் முடிந்தபின் திறந்ததும், 2015இல் ஓமந்தைச் சோதனைச் சாவடி எடுக்கப்பட்டதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இப்போது அந்த இடத்தில் பஸ் வேகம் குறைப்பதில்லை.

சோனகத் தெருவில் வீட்டுக்குக் கூரை இல்லை, கதவு இல்லை, நிலையும் இல்லை. முற்றத்தில் ஆளுயரத்துக்குப் பற்றை. ஆச்சி காலமாகிவிட்டாராம்; அவருடைய மகள் வந்து தொதலை வாங்கி, உம்மம்மாவின் கையை விடாமல் நின்றார். உம்மம்மா அழவில்லை. பையிலிருந்து உறுதியின் பிரதியை எடுத்து என்னிடம் தந்து, எல்லைகளை வாசிக்கச் சொன்னார். நான் சத்தமாக வாசித்தேன். கிழக்கு: ஒழுங்கை. ஒழுங்கையில் போய் நின்றார். வடக்கு: ஆச்சியின் காணி. மதிலைத் தொட்டார். கிணற்றில் பங்கும் வழி வாய்க்கால் பாத்தியமும் என்று வந்ததும் கிணற்றை எட்டிப் பார்த்தார், தண்ணீர் இருந்தது. மேற்கு எல்லைக்குப் போகப் பற்றைக்குள் இறங்கினார்.

"அம்மா, அங்கால கால் வைக்காதீங்கோ!" என்று சாரதி கத்தினார்.

உம்மம்மா நின்ற இடத்திலேயே நின்று, "நீ வாசி மகள். நான் இங்கெருந்து பாக்குறன்" என்றார்.