நாய்கள் ஏன் அடங்கின?

கிள்ளானில் ஒரு மண்டபத்தில் 'ஃபுகாகு'வைப் பற்றிப் பேசி நிறையக் கைதட்டு வாங்கினேன். ஜப்பானின் நாகாஜிமா நிறுவனம் வரைந்து, கடைசிவரை கட்டாத ராட்சத குண்டுவீச்சு விமானம் அது. ஆறு என்ஜின், ஒவ்வொன்றும் 5,000 குதிரைத்திறன். பசிபிக்கைத் தாண்டி அமெரிக்காவில் குண்டு போட்டுவிட்டு, ஜெர்மானியர் பிடித்து வைத்திருந்த பிரான்ஸில் போய் இறங்குமாம். "இது மட்டும் பறந்திருந்தால்!" என்று நிறுத்தினேன். கூட்டம் மூச்சைப் பிடித்தது.

பறந்திருக்காது. அது எனக்குத் தெரிந்தே பேசினேன். அந்த என்ஜினுக்கு 36 சிலிண்டர். பதினெட்டுச் சிலிண்டர் என்ஜின் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தது. முன்வரிசையைக் குளிர்விக்கும் காற்று பின்வரிசைக்குப் போகும்போதே சூடேறியிருக்கும். அந்தச் சிக்கல் தீரவேயில்லை. எண்ணெய்க்கும் அலுமினியத்துக்கும் தட்டுப்பாடு வேறு. 1944-ல் திட்டத்தையே கைவிட்டார்கள். இதையெல்லாம் சொன்னால் பேச்சு சப்பென்று ஆகிவிடும் என்று விழுங்கிவிட்டேன்.

கடைசியில் ஒரு மாணவி எழுந்து, "சார், நம்ம ஊரில குண்டு விழுந்துச்சா?" என்றாள். "விழுந்தது, 1945-ல்" என்றேன். அதற்கு மேல் என்னிடம் சரக்கு இல்லை.

இருந்திருக்க வேண்டும். இந்தியாவின் கரக்பூரிலிருந்து வங்கக் கடலைத் தாண்டி வந்த அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்கள், ஜப்பானியர் பிடியிலிருந்த கோலாலம்பூரில் பிப்ரவரியில் செந்தூல் ரயில் பட்டறையை அடித்தன. மார்ச் 10-ல் மறுபடி வந்தன. ரயில் தண்டவாளங்களுக்கு வைத்த குறி பிசகி, சிலாங்கூர் அருங்காட்சியகத்தின் ஒரு பக்கம் தரைமட்டமானது. இன்று அந்த இடத்தில்தான் தேசிய அருங்காட்சியகம் நிற்கிறது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து நடந்தே போகலாம். பி-29-இன் என்ஜினும் சூடேறித் தீப்பிடிக்கிற ரகம்தான். ஆனால் அதைக் கட்டினார்கள், பறக்கவிட்டார்கள், அது நம் தலைக்கு மேலேயே வந்தது.

அப்போது என் பாட்டிக்குப் பதினொரு வயது. ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தார். ஜப்பான்காரன் காலத்துக் கதை என்று தொடங்கினாலே நான் போரைப் பற்றிப் படித்ததைக் கொட்ட ஆரம்பித்துவிடுவேன். ஒருமுறை கேசட்டில் பதிவு செய்தேன். பாட்டி போன பிறகு, அந்தக் கிள்ளான் பேச்சு முடிந்த வாரத்தில்தான் அதைப் போட்டுக் கேட்டேன். நாற்பது நிமிடத்தில் முப்பது நிமிடத்துக்கு மேல் என் குரல்.

ஓரிடத்தில் பாட்டி சொல்கிறார்: "அடுப்புல மரவள்ளிக்கெழங்கு வெந்துக்கிட்டு இருந்துச்சு. சத்தம் வர்றதுக்கு முன்னாடியே லைன்ல இருந்த நாயெல்லாம் கப்சிப்புனு அடங்கிருச்சு. அப்புறம் எங்கம்மா சட்டிய—"

"பாட்டி, அது பி-29. நாலு என்ஜின். ஒவ்வொண்ணும் 2,200 குதிரைத்திறன்."

டேப் கொஞ்ச நேரம் சும்மா ஓடுகிறது. பிறகு பாட்டியின் குரல்: "அப்படியாய்யா. தே குடிக்கிறியா?"