இன்னும் ஒரே ஒரு ஆட்டம்

இன்னைக்கு மருந்து, மாத்திரை பத்தி இல்லைங்க. எங்க ஹாஸ்டல் தூக்கத்தைக் கெடுத்த ஒரு வீடியோ கேம் பத்தி: 'டோனி ஹாக்ஸ் ப்ரோ ஸ்கேட்டர்'.

1999 ஜூன்ல ஸ்கேட்போர்டோட காத்துல இரண்டரை சுத்து சுத்தி இறங்கினார் டோனி ஹாக். அதே வருஷம் கேமும் வந்துச்சு. ஒரு ஆட்டம் இரண்டே நிமிஷம். விழுந்தா ரத்தம் தெறிக்கும், ஆனா அடுத்த நொடி எழுந்துடலாம். "இன்னும் ஒரே ஒரு ஆட்டம்"னு சொல்லியே விடிஞ்சிடும்.

அப்புறம் வருஷத்துக்கு ஒரு பாகம், அலுத்துப் போச்சு. 2009ல 'ரைடு'னு ஒண்ணு. விரல் பழகின கன்ட்ரோலரைப் பிடுங்கிட்டு, காலுக்குக் கீழ பிளாஸ்டிக் பலகை கொடுத்தாங்க! அது சொன்ன பேச்சு கேக்கல. 2015ல வந்த அஞ்சாம் பாகம் முழுக்கப் பிழை. 2020ல முதல் ரெண்டு பாகங்களைப் புதுப்பிச்சப்போதான் பழைய ருசி திரும்புச்சு.

2022 மார்ச்ல, 53 வயசுல, ஹாக்குக்கு நிஜமாவே தொடை எலும்பு முறிஞ்சது. உடம்பிலேயே பெரிய எலும்பு அது. மனுஷன் அதே மாசம் கைத்தடியோட ஆஸ்கர் விழாவுக்கு வந்துட்டார் (நீங்க முயற்சி பண்ணாதீங்க).

என் பையன் நிஜ ஸ்கேட்போர்டு கேட்டான். ஹெல்மெட், முழங்கால் கவசத்தோட வாங்கிக் கொடுத்தேன். நேத்து விழுந்தான். எழுந்திருக்க இருபது நிமிஷம் ஆச்சு. எழுந்ததும் கேட்டான்: "அப்பா, இன்னும் ஒரு தடவை?"